ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள்

நான் செய்கிற வேலைக்குத் தமிழில் ஒழுங்கான பெயர் இல்லை. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களோடு கிளினிக்குக்குப் போவேன். டொக்டர் முன்னால் அவர்கள் சொல்ல நினைப்பதைச் சொல்ல வைப்பேன். அவர்களால் முடியாவிட்டால், அவர்கள் கேட்டுக்கொண்டபடி நானே சொல்வேன். வார்டிலோ தோட்டத்திலோ அவர்களுக்கு அநியாயம் நடந்தால் போய்ச் சண்டை பிடிப்பேன். என்னை வேலைக்கு வைத்திருக்கிற சின்ன அமைப்பு இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. தோட்டத்துச் சனங்கள் சுருக்கமாக ‘ஆஸ்பத்திரி அக்கா’ என்கிறார்கள். ஊர்ச் சண்டையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்கிறவளுக்கு இப்போது சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று என் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பொய்யில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் இருக்கிறது.

நான் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கல்யாணம் கட்டி பலாங்கொடைக்கு வந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நுவரெலியாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், நீங்கள் பேசுவதில் தமிழ் எது என்று கேட்டுக் கேலி செய்வார்கள். சந்தையில் கருவாட்டு விலைக்கு எங்கள் பெண்கள் சிங்களத்தில் போடுகிற சண்டையைப் பார்க்க வேண்டும். அதே பெண் டொக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றால் அத்தனை சிங்களமும் எங்கே போய் ஒளிகிறதோ தெரியாது. ‘ஆமாம் ஐயா’ என்கிற ‘ஒவ் மாத்தயா’ ஒன்றுதான் மிஞ்சும். நித்திரை வருகிறதா? ஒவ் மாத்தயா. சாப்பாடு இறங்குகிறதா? ஒவ் மாத்தயா. தமிழ் தெரிந்த டொக்டராக இருந்தாலும் வித்தியாசம் இல்லை, ‘ஆமாங்க, சரிங்க’ என்பார்கள், அவ்வளவுதான்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் சனங்களுக்கு விளங்கும் அறிவு இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி யாராவது என் காது கேட்கச் சொன்னால் நான் சும்மா விடுவதில்லை. தோட்டத்தில் துரைக்கு மறுத்துப் பேசியவள் அடுத்த நாள் அட்டை கடிக்கிற தூரத்து மலைக்குத்தான் அனுப்பப்படுவாள். மூன்று நான்கு தலைமுறை அப்படிப் பழகிய பிறகு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எவரும் துரைதான். டொக்டரும் துரை, வங்கிக்காரரும் துரை. துரை கேட்டால் ஆமாம் சொல்ல வேண்டும். துரை முன்னால் உட்காரக் கூடாது. கிளினிக் அறையில் நோயாளிக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர்களுக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் என்று டொக்டர்மாரும் நினைத்துக்கொள்வார்கள்.

அப்படி நின்றுகொண்டே ஆமாம் சொன்ன ஒருத்தியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று கேட்டபோதும் முதலில் “சரிங்கக்கா” என்றாள். இந்தச் சரி எந்தச் சரி என்று இரண்டாம் முறை கேட்டு, அவள் சிரித்து, எந்தத் தோட்டம் என்று தெரியாமல் எழுதச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அவள் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் ஒல்லி, வாய் பெரிசு. முதல் தடவை என்னைப் பார்த்தபோது, இவ்வளவு குண்டாக இருந்துகொண்டு எப்படி அக்கா எங்கள் மலைக்கு ஏறி வந்தீர்கள் என்று கேட்டவள். எனக்கு அவளைப் பிடித்துப் போக அதுவே காரணம்.

நோய் தொடங்கியது நித்திரை இல்லாமல் போனதில். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாக அவளுக்குக் கேட்டது. லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கத்தானே செய்யும் என்று வீட்டில் முதலில் பெரிசாக எடுக்கவில்லை. பிறகு அந்த வீட்டார் ஊருக்குப் போயிருந்தபோதும் பேச்சுக் கேட்டது. அப்போதுதான் பயந்தார்கள். எலுமிச்சம்பழம் வெட்டினார்கள், நூல் கட்டினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வார்டில் சில வாரம் இருந்து தெளிந்து வீட்டுக்குப் போனாள். தினமும் குடிக்க மாத்திரை கொடுத்தார்கள். மாதா மாதம் கிளினிக்.

ஆனால் நோய் முழுசாக விடவில்லை. கொஞ்ச நாள் நன்றாக இருப்பாள், பிறகு, அதுவும் பெரும்பாலும் வெள்ளி, சனியில், சுவர் பேசத் தொடங்கிவிடும். இன்னொரு முறையும் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். டொக்டர் ஒவ்வொரு முறையும் மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கிறாயா, மிச்சம் வைக்கிறாயா என்று கேட்பார். எல்லாவற்றையும் குடித்து முடிக்கிறேன் என்பாள். கூட வருகிற அவள் வீட்டுக்காரரும் அதையே சொல்வார். மாத்திரைப் பொட்டலமும் மாதக் கடைசியில் வெறுமையாகத்தான் வரும். குடித்தும் குணமில்லை என்றால் போதவில்லை என்றுதானே அர்த்தம்? டொக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளம் வயது, நல்ல மனுஷன், ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். அவர் அறைக்கு வெளியே நிற்கிற கியூவைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

ஒரு கிளினிக் நாளில் அவளை வெளியே அனுப்பிவிட்டு அவர் என்னை இருக்கச் சொன்னார். இந்த மருந்து இவளுக்கு வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்றார். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வார்டில் சேர்த்து, இரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய கடுமையான மருந்து ஒன்றைத் தொடங்க வேண்டியிருக்கும், எத்தனை வாரம் ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது, அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நான் வெளியே வந்து பெஞ்சில் வைத்துச் சொன்னேன். “சரிங்கக்கா” என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் டவுனைத் தாண்டிய பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“வார்டுக்குப் பயமில்லக்கா. அங்க சோறு குடுக்குறாங்க, நேர்ஸ் மிஸ்ஸிமாரு நல்லாத்தான் பேசுறாங்க. நான் திரும்பி வரையில எங்க வீட்டுல வேற குடும்பம் இருந்தா, புள்ளைங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போறது?”

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் பேர் இருப்பது அவள் ஒருத்திக்குத்தான். வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். அவருடைய பேரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மிளகுக் கொடி கட்டுகிற மாதிரி சின்னச் சின்ன வேலைகளுக்குப் போகிறார். வேலைக்குப் பேர் இல்லாத வீட்டுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. அவள் இரண்டு முறை வார்டில் இருந்தபோதே தோட்டத்து ஆபீஸில் முகம் சுளித்திருக்கிறார்கள். இன்னொரு முறை இப்படி நீளமாக வேலைக்கு வராமல் நின்றால் பேரை வெட்டுவோம், வேலைக்கு வருகிறவர்களுக்கு வீட்டைக் கொடுப்போம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியும் இருக்கிறார்கள். அவளுக்கு அந்தக் காம்பராவும் வேலையும் ஒன்றுதான். ஒன்று போனால் மற்றது நிற்காது.

அடுத்த கிளினிக் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்ச் சண்டை பிடிப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து விபரம் பேச வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே போகிற பாதையில் ஏறி, தேயிலை தொடங்குகிற இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். பீலிக்கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் அவளைத் தேடினேன், காணவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் என்ன செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டே லயத்துக்குப் போனேன்.

அவள் கட்டிலில் கிடந்தாள். மத்தியான நேரம். கண் பாதி திறந்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டு ஏதோ சொன்னாள், நாக்குத் தடித்துப் பேச்சு விளங்கவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்தது என்று கேட்டேன். அவர் பதறவேயில்லை.

“ஞாயித்துக்கெழமன்னா இப்படித்தாங்கக்கா. நாளைக்குக் காலையில கொஞ்சம் தள்ளாடும், செவ்வாய்க்கெழமைக்கெல்லாம் சரியாயிரும்.”

எல்லா ஞாயிற்றுக்கிழமையுமா என்று கேட்டேன். எல்லா ஞாயிற்றுக்கிழமையும்தான் என்றார். ஏன் என்று கேட்டேன். கேட்டால் சொல்லத் தடையில்லாத மனுஷன், எல்லாவற்றையும் சொன்னார்.

முதல் தடவை வார்டிலிருந்து வந்தபோது அவள் தினமும்தான் மாத்திரை குடித்திருக்கிறாள். குடித்ததும் கை நடுங்கத் தொடங்கியது. விரல் மடங்க மறுத்தது. கொழுந்து எடுப்பதற்கு இரண்டு கையும் ஒன்றாக ஓட வேண்டும், கண் பார்க்கிற இடத்துக்கு விரல் முந்திப் போக வேண்டும். அவளுக்கோ கிள்ளிய கொழுந்தில் பாதி கூடைக்குப் போகாமல் காலடியில் விழுந்தது. மத்தியானம் நிறுவைக்குப் போனால் நிறை காணாது. முழு நாள் சம்பளத்துக்கான முழுப்பேர் விழவில்லை. அடுத்த நாளும் அரைப்பேர், அதற்கடுத்த நாளும் அரைப்பேர். இப்படியே போனால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்வார்கள் என்று கங்காணி எச்சரித்தார். மாத்திரையை நிறுத்தினால் கை சரியாகிவிட்டது. ஆனால் ஒரு மாத்திரையும் விடக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். டொக்டருக்குப் பொய் சொல்ல அவளுக்கு மனம் இல்லை.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தோட்டத்தில் வார நாளில் விட்டதை ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டுவது வழக்கம். உடம்புக்கு முடியாமல் நின்றவளும், நிறை காணாதவளும் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துச் சரிக்கட்டிக்கொள்வாள். அவளும் அப்படியே செய்தாள். வாரம் முழுக்க மாத்திரையைத் தொடாமல் வைத்திருந்து, சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததிலிருந்து ஞாயிறு மத்தியானத்துக்குள் அத்தனையையும் குடித்து முடித்தாள். அதற்காகக் கைக்காசு வேலையையும் விட்டிருந்தாள். டொக்டர் அளவைக் கூட்டக் கூட்ட, ஞாயிற்றுக்கிழமை குடிக்க வேண்டியதும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. வெள்ளி, சனியில் ஏன் சுவர் பேசியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கட்டிலிலிருந்து அவள் கையை நீட்டி என் சேலையைப் பிடித்தாள். தடித்த நாக்கோடு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, தனக்கும் இதில் சொல்ல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஒன்னும் மிச்சம் வைக்கிறதில்லக்கா.”

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? கத்தினேன். என்ன செய்து வைத்திருக்கிறீர்கள், செத்துப் போயிருந்தால் என்ன செய்வீர்கள், இரண்டு பேருக்கும் தலைக்குள் என்ன இருக்கிறது என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. வீட்டுக்காரர் கரண்டியைக் கையில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் என் சத்தம் நின்றுவிட்டது. அவர்கள் எதையும் ஏமாற்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கில் ஒழுங்காக இருந்திருக்கிறார்கள். யாரை ஏசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கிளினிக் மிஸ்ஸிக்கு ஃபோன் போட்டு, ஆளின் பெயர் சொல்லாமல், இப்படி ஒருத்தர் குடித்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். மயக்கம் கூடினால், மூச்சு வேறு மாதிரி வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். பின்னேரம் வரை அங்கேயே இருந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். பேச்சும் தெளிந்தது. அப்போது நிதானமாகச் சொன்னேன். மாத்திரை கொழுந்து மாதிரி இல்லை, சேர்த்து வைத்து ஈடுகட்ட முடியாது, அன்றன்றைக்குப் போனால்தான் அது வேலை செய்யும், சேர்த்துக் குடித்தால் இதயமே நின்று போகலாம் என்றேன். கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப கையி?”

விடை தெரிந்தவர் டொக்டர் ஒருவர்தான். அவருக்கோ இவள் கை நடுங்குகிறது என்பதே தெரியாது. அதைச் சொன்னதும் அவள் பயந்துவிட்டாள். டொக்டரிடம் சொல்லாதீர்கள், ஏசுவார், அன்றைக்கே வார்டில் போட்டுவிடுவார், பிறகு வீடு போய்விடும் என்று கெஞ்சினாள்.

இந்த வேலைக்கு வந்த நாளில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், வாய் அவர்களுடையது என்பதுதான். எனக்கு எது நல்லது என்று படுகிறதோ அதையல்ல, அவர்கள் எதைச் சொல்லச் சொல்கிறார்களோ அதைத்தான் நான் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் அவர்களுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் சொல்லக் கூடாது. அதனால் அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். புதன்கிழமை டொக்டர் அறையை விட்டு நாம் வெளியே வருவதற்குள் இந்த விஷயம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும், நீ சொன்னால் நல்லது, நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், முதல் சந்தர்ப்பம் உனக்கு என்றேன். கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, எப்படிச் சொல்வது என்று தெரியாது என்றாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் சண்டையைத் தள்ளிப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மறுபடி போனேன். பழகிப் பார்ப்போம் என்றேன். நான் டொக்டர், வீட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் முன்னால் நின்றாள். குரலைக் கொஞ்சம் கனமாக்கி, மாத்திரை தினமும் குடிக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டேன். “ஒவ் மாத்தயா” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் ஒவ் மாத்தயா. மூன்றாம் முறை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர், தள்ளுங்கள், நான் டொக்டராக இருக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார். கட்டின புருஷனுக்கும் ஒவ் மாத்தயாதான் வந்தது. வீட்டில் ஒரு நாளும் இவள் எனக்கு இப்படி ஆமாம் சொன்னதில்லை என்றார் அவர். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

பிறகு களைத்துப் போய் அவள் கீழே உட்கார்ந்து, சுளகை எடுத்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். நானும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கல்லைப் பொறுக்கிக்கொண்டே, அதே கேள்வியை அதே சிங்களத்தில், ஆனால் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவள் அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், எங்கே குடிக்கிறது, குடித்தால் கை ஓடாதே என்று சரளமாகச் சிங்களத்தில் சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிற்கும்போது வராதது உட்கார்ந்தால் வருகிறது. நாளைக்கு அந்த நாற்காலியில் நீ உட்கார வேண்டும் என்றேன். ஐயோ, அதை விடச் சாகலாம் என்றாள்.

புதன்கிழமை அவள் பெயரைக் கூப்பிட்டபோது பகல் ஆகிவிட்டது. உள்ளே போனோம். நாற்காலியைத் தாண்டிப் போய் மேசை ஓரமாக நின்றுகொண்டாள். கை தானாகக் கட்டிக்கொண்டது. டொக்டர் வழக்கம்போலக் கேட்டார். நித்திரை? ஒவ் மாத்தயா. சாப்பாடு? ஒவ் மாத்தயா. சத்தம் ஏதும் கேட்கிறதா? அதற்கும் ஒவ் மாத்தயா. மாத்திரையெல்லாம் குடித்து முடித்தாயா? அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் அதையேதான் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். டொக்டர் பெருமூச்சு விட்டு, அப்படியென்றால் நாம் பேசியபடிதான், வார்டில் இன்றைக்குக் கட்டில் இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

எழுதுகிற பேனாவை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இனி நான்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டு, தோளில் கையை வைத்து அழுத்தினேன். என் பாரத்துக்கு அவள் எங்கே தாங்குவாள்? உட்கார்ந்துவிட்டாள். நுனியில்தான், விழுந்துவிடுகிற மாதிரி. அந்த நாற்காலியின் சத்தத்துக்கு டொக்டர் நிமிர்ந்தார். இப்போது அவளுடைய முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இல்லைங்க,” என்றாள். தமிழில்தான் சொன்னாள். “நான் தெனம் குடிக்கிறதில்லைங்க. ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் சேத்துக் குடிக்கிறேன். தெனம் குடிச்சா இந்தக் கையி ஓடாதுங்க. கையி நின்னுட்டா எங்களுக்கு வீடு இல்லைங்க.”

இரண்டு கையையும் மேசைமேல் வைத்திருந்தாள். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். நான் மொழிபெயர்த்தேன். அரைப்பேர் என்பதைச் சம்பளம் குறையும் என்று சிங்களத்தில் சொன்னேன். அப்படியில்லை அக்கா, ஒழுங்காகச் சொல்லுங்கள் என்று அவள் என்னை நிறுத்திவிட்டு, நிறை காணாவிட்டால் என்ன நடக்கும், கங்காணி என்ன சொன்னார், ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று அவளே சிங்களத்தில் தொடங்கினாள். சந்தைச் சிங்களம். மரியாதைச் சொல் இரண்டு மூன்று இடத்தில் தவறிப் போயிற்று. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அந்த அறையில் வேலை இல்லாமல் போய்விட்டது.

டொக்டர் ஏசவில்லை. எத்தனை மாத்திரையை ஒரே நாளில் குடித்தாள் என்று கேட்டபோது மட்டும் முகம் வெளுத்தது. எழுந்து வந்து நாடி பார்த்தார், இதயத்துக்குப் படம் எடுக்க எழுதினார். பிறகு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்தது தவறு, மருந்து இன்னும் ஒழுங்காகத் தொடங்கவேயில்லை. இவ்வளவு கூடின அளவு தேவையே இல்லை. தினமும் குறைந்த அளவில் குடித்தால் போதலாம். நடுக்கம் வந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, அதற்கும் சரிவராவிட்டால் கையைப் பிடிக்காத வேறு வகை பார்க்கலாம். கடுமையான மருந்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஆனால் பழையதை நிறுத்திப் புதிய அளவைத் தொடங்க ஒரு வாரம் போல வார்டில் கண் பார்வையில் இருக்க வேண்டும், இன்றைக்கே சேருங்கள் என்றார்.

“இன்னிக்கு முடியாதுங்க,” என்றாள் அவள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இல்லை என்று சொல்லப் பழகியவளுக்கு அதை விட மனமில்லை போலிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேறு மாதிரி எழுதுவார், இன்றைக்குப் போய்ச் சொல்லிவிட்டு நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று சிங்களத்தில் விளக்கினாள். டொக்டர் யோசித்தார். மிச்ச மாத்திரைகளையெல்லாம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், நாளைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். இந்த முறை திங்கட்கிழமையிலிருந்து தொடாமல் மிஞ்சியிருந்தவற்றை அவள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் கணக்கப்பிள்ளையிடம் நான்தான் போனேன், அவளே கேட்டுக்கொண்டாள். அங்கே நான் எப்படிப் பேசினேன் என்பதை இங்கே எழுதாமல் விடுவது நல்லது. நோய்க்கு ஆஸ்பத்திரியில் நிற்பது வேலைக்கு வராமல் நிற்பது ஆகாது என்று அவர் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

வார்டில் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தாள். திரும்பி மலைக்கு ஏறிய முதல் நாட்களில் விரல் இன்னும் கொஞ்சம் இழுத்தது. இரண்டு பக்கத்து நிரையிலும் கொழுந்து எடுத்த பெண்கள், நிறுவைக்குப் போகுமுன் ஆளுக்கொரு பிடியை அவள் கூடையில் போட்டிருக்கிறார்கள். முன்பு அவளைப் பார்த்து ஒதுங்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். கங்காணி அந்த நேரம் பார்த்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். இதை அவள் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் மறைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்தது. பழைய வேகம் முழுசாக வரவில்லை, ஆனால் நிறை காண்கிறது. செக்ரோலில் பேர் இருக்கிறது, வீடும் இருக்கிறது. வெள்ளி சனியில் சுவர் பேசுவதில்லை.

சில மாதம் கழித்து ஒரு கிளினிக் நாள். அவளும் நானும் பெஞ்சில் இருந்தோம். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

“நீங்க இருங்கக்கா,” என்றாள். “இன்னிக்கு நானே போயிட்டு வாறேன்.”

உள்ளே போய்த் திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தவளை வெளியே விட்டுவிட்டுப் போகிறாளே என்று ஒரு நிமிஷம் வலித்தது. சந்தோஷமும் இருந்தது, அது வருவதற்குக் கொஞ்சம் நேரமானது. துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்து, நீங்கள் உள்ளே போகவில்லையா என்று கேட்டார்.

“கூப்பிடல்லயே,” என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்கத் தொடங்கியது. எதையோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று காது தானாக அந்தப் பக்கம் போனது. அது எனக்குச் சொல்லப்படுவதல்ல. நான் எழுந்து, குரல் கேட்காத தூரத்துக்கு, ஆஸ்பத்திரி வாசலில் உள்ள பலாமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன்.